மெற்றனோயா: ஒரு கிரேக்கச் சொல்லின் வரலாறு

யூதேயா நாட்டு வனாந்தரத்தில் தோன்றிப் பிரசங்கித்த யோவான் ஸ்நானகனின் வாயிற் பிறந்த முதற் சொல்லாக மத்தேயுவின் சுவிசேஷம் குறித்து வைத்திருப்பது 'மெற்றனோஎய்தே' என்னும் கிரேக்க ஏவல் வினையாகும். அடுத்த அதிகாரத்தில் இயேசுநாதர் தமது போதனையைத் தொடங்குமிடத்தும் அதே சொல்லே முன்னிற்கின்றது. அவ்வினைக்குரிய பெயர்ச்சொல் 'மெற்றனோயா'. பெயரும் வினையுமாகப் புதிய ஏற்பாட்டில் ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் இது வருகின்றது. கிறித்தவ சமயத்தின் வாயிற்படியில் நிற்கும் சொல் என்று இதனைக் கூறின் மிகையாகாது. வாயிற்படியில் நிற்கும் அச்சொல் உள்ளே புக விரும்புவோனை என்ன செய்யும்படி கேட்கின்றது? வருந்தும்படியா, மனத்தை மாற்றும்படியா, வந்த வழியே திரும்பும்படியா, அன்றி விதிக்கப்பட்ட தண்டத்தை ஏற்று நிறைவேற்றும்படியா? மேலை நாட்டார் இவ்வினாவுக்கு அளித்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்திலவாயின. 16 ஆம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபை பிளவுண்டமைக்கு அரசியலும் பொருளியலும் சார்ந்த காரணங்கள் பல உள. எனினும், அப்பிளவின் முதல் ஏட்டைப் புரட்டுவோர் அங்கே காண்பது இந்த ஒரு சொல்லையே.

கிறித்தவத்திற்கு நெடுங்காலம் முன்னரே கிரேக்கர் இச்சொல்லை வழங்கினர். 'மெற்றா' என்பது தனித்து நிற்குமிடத்துப் 'பின்' என்றும், பிற சொற்களோடு புணர்ந்து நிற்குமிடத்துப் பெரும்பாலும் 'மாற்றம்' என்றும் பொருள்படும். 'நூஸ்' என்பது மனம். நிகழ்வதற்கு முன்னே எண்ணுதலைப் 'புரோனோயா' என்றனர். நிகழ்ந்த பின்னர் வேறாக எண்ணுதல் மெற்றனோயா. நம்மவர் பின்புத்தி என்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவு சிறிதே.

இச்சொல்லுக்குப் பண்டைக் கிரேக்க உரைநடையில் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. கி. மு. 428 இல் லெஸ்போஸ் தீவிலுள்ள மிற்றிலீனி நகரத்தார் அதென்ஸ் நகரின் ஆதிக்கத்தை எதிர்த்துக் கிளர்ந்தனர். மறு ஆண்டு அவர்கள் பணிய நேர்ந்தது. சினங் கொண்ட அதென்ஸ் மக்கள் சபை, அந்நகரத்து வயதுவந்த ஆடவர் அனைவரையும் கொன்று, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்கும்படி தீர்மானித்து, அவ்வாணையைத் தன் தளபதி பாக்கீஸிடம் சேர்ப்பிக்க ஒரு போர்க்கப்பலையும் அனுப்பிவிட்டது. பொழுது விடிந்ததும் மக்கள் உள்ளத்தில் ஒருவகை மெற்றனோயா உடனே உண்டாயிற்று என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகின்றார். குற்றஞ் செய்தவரை மட்டுமன்றி ஒரு நகரத்தையே அழிப்பது கொடிது என அவர்களுக்குத் தோன்றிற்று. மீண்டும் சபை கூடியது. கிளெயோன் என்பான் முதல் முடிவை விடாது பற்றி நின்றான். தியோதோற்றஸ் என்பவன் மறுத்துப் பேசினான். தியோதோற்றஸ் இரக்கத்தை வேண்டினானல்லன். அழிப்பதால் அதென்ஸுக்கு வரும் இலாபம் யாது என்றே கேட்டான். வாக்குகள் ஏறக்குறைய ஒத்திருந்தன. சிறு பெரும்பான்மையால் அவன் பக்கம் வென்றது.

உடனே இரண்டாவது கப்பல் புறப்பட்டது. முதற் கப்பல் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றுவிட்டது. மிற்றிலீனியின் தூதர்கள் வாற்கோதுமை மாவும் திராட்சை மதுவும் கொடுத்து, முந்திச் சேரின் பெரும் பரிசு தருவதாகவும் வாக்களித்தனர். துடுப்பு வலிப்போர் மதுவும் எண்ணெயும் கலந்து பிசைந்த மாவைத் துடுப்பை விடாமலே உண்டனர். முறை வைத்து உறங்கினர். கொடிய செய்தியைச் சுமந்த முதற் கப்பலோ மனமின்றி மெல்லச் சென்றது. பாக்கீஸ் முதலாணையை வாசித்து முடித்து அதனை நிறைவேற்ற முற்படும் வேளையில் இரண்டாவது கப்பல் துறையை அடைந்தது. கிளர்ச்சிக்குக் காரணராகக் கருதப்பட்டோர் பின்னர் கொல்லப்பட்டனர். அவர் தொகை ஆயிரத்துக்குச் சற்று மேல் என்பது துசிடிடீஸ் தரும் கணக்கு. நகரம் தப்பியது.

இங்கே கடவுளும் இல்லை, பாவமும் இல்லை. முதல்நாள் எண்ணியது தவறென மறுநாள் கண்டனர், அவ்வளவே. ஆயினும், மெற்றனோயா அம்மக்களின் மனத்தோடு நின்றிருக்குமாயின் மிற்றிலீனி அழிந்திருக்கும் என்பதை மறத்தலாகாது. இரண்டாவது கப்பலும் வேண்டியதாயிற்று.

இச்சொல் யூதரின் வேதத்துக்குள் புகுந்தது அலெக்சாந்திரியா நகரத்தில். கி. மு. 3 ஆம் நூற்றாண்டு முதலாக எபிரேய வேதம் அங்கே கிரேக்கமாக்கப்பட்டு வந்தது. எபிரேயத்தில் இத்துறைக்குரிய சொற்கள் இரண்டு. 'நாஹாம்' என்பது மனம் இரங்குதல், செய்ததற்கு வருந்துதல். 'ஷூப்' என்பது திரும்புதல். கால்களால் வழி நடப்பவன் திரும்புவது போன்ற திரும்புதல். தீர்க்கதரிசிகள் இஸ்ரவேலரை அழைத்தபோது பெரிதும் ஆண்ட சொல் ஷூப். வழிதவறிப் போனவனே, வீட்டுக்குத் திரும்பு என்பதே அவர்கள் குரல். மொழிபெயர்த்தோர் ஷூப் என்பதற்குத் 'திரும்பு' என நேரே பொருள்படும் கிரேக்க வினைகளையே பெரும்பாலும் இட்டனர். மெற்றனோயாவின் வினையை நாஹாம் என்பதற்கு ஒதுக்கினர்.

யோனாவின் கதையில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். நினிவே நகரத்தார் தம் தீய வழிகளை விட்டுத் திரும்பினர் என்றும், அதனைக் கண்ட கடவுள் தாம் எண்ணியிருந்த தண்டனையைக் குறித்து மனம் மாறினார் என்றும் கதை கூறும். கிரேக்கப் பெயர்ப்பில் நினிவே மக்கள் செய்தது 'திரும்புதல்'. கடவுள் செய்ததே மெற்றனோயா! கடவுளுக்கு அச்சொல்லை உரியதாக்குவதைக் கண்டு இன்றைய வாசகர் திடுக்கிடலாம். ஆனால் மத்தேயுவின் சுவிசேஷத்தில் இயேசுநாதர் அதே கதையை எடுத்துக் கூறுமிடத்து, நினிவே மக்கள் யோனாவின் பிரசங்கத்தைக் கேட்டு 'மெற்றனோயா' கொண்டனர் என்றே எழுதப்பட்டுள்ளது. இடையே சென்ற காலத்தில், திரும்புதல் என்ற எபிரேயப் பொருளும் இக்கிரேக்கச் சொல்லுக்குள் குடிபுகுந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. இயேசுநாதர் பேசிய அரமேய மொழிக்கு உறவான சீரிய மொழியில் சுவிசேஷத்தைப் பெயர்த்தோரும் மனத்தைப் பற்றிய சொல் எதனையும் தேடவில்லை. திரும்புங்கள் என்று பொருள்படும் 'தூபூ' என்பதையே எழுதினர்.

லூக்காவின் சுவிசேஷம் இன்னும் ஒன்றைச் சேர்க்கின்றது. மெற்றனோயாவுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள் என்று யோவான் கூறியபோது, கேட்டவர்கள் இலக்கணம் கேட்கவில்லை. நாங்கள் என்ன செய்யவேண்டும் என்றே கேட்டனர். இரண்டு அங்கி உடையவன் இல்லாதவனுக்கு ஒன்று கொடுக்கவேண்டும். வரி தண்டுவோன் விதித்ததற்கு மேல் வாங்கலாகாது. போர்ச்சேவகன் எவரையும் மிரட்டிப் பறிக்காது தன் கூலியோடு அமைதல் வேண்டும். இவையே கிடைத்த விடைகள்.

கிறித்தவம் மேற்கே பரவி இலத்தீன் பேசும் நாடுகளை அடைந்ததும் சொல்லுக்குச் சொல் காணவேண்டிய தேவை எழுந்தது. அங்கே கைக்கு எட்டியது 'பெனித்தென்சியா' என்னும் சொல். மனநிறைவின்மை, செய்ததற்கு வருந்துதல் என்பது அதன் பழைய பொருள். ஏவலாக வருமிடத்துப் 'பெனித்தென்சியாம் ஆகித்தே' என்றனர். சொல்லைப் பிரித்து நோக்கின், 'பெனித்தென்சியாவைச் செய்யுங்கள்' என்றாகும். போப்பாண்டவர் தமாசுவின் வேண்டுகோட்படி கி. பி. 383 ஐ அடுத்த ஆண்டுகளில் சுவிசேஷங்களின் இலத்தீன் பெயர்ப்பைத் திருத்திய ஜெரோம் முனிவர், முன்னோர் வழங்கிய அத்தொடரை மத்தேயுவில் அப்படியே விட்டுவைத்தார். மாற்கு சுவிசேஷத்தில் அதே கிரேக்கச் சொல்லுக்கு நேரே 'பெனித்தேமினி' என்று ஒற்றை வினையாக நிற்பதையும் காணலாம். ஆதலின், 'செய்' என்னும் துணைவினையை அவர் காலத்தவர் பெரிதாக எண்ணினர் எனக் கூறுதற்கில்லை. தமிழில் 'துக்கங் கொண்டாடுதல்' என்கின்றோம்; அதனைத் துண்டுபடுத்தி, துக்கம் தமிழர்க்குக் கொண்டாட்டமோ என வினவுவான் உளனாயின் அவனைக் கண்டு நகைப்போம். பிற்காலத்தார் ஜெரோமின் மீது சுமத்திய குறையில் ஒரு பங்கு இத்தகையதே.

எனினும், இலத்தீன் சொல் கிரேக்கத்தோடு முற்றும் ஒத்ததன்று என்பதை இலத்தீன் ஆசிரியரே முதலில் உணர்ந்தனர். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், கிரேக்கத்தில் இச்சொல் குற்றத்தை அறிக்கையிடுதலால் அன்றி மனம் மாறுதலால் ஆக்கப்பட்டது எனக் கி. பி. 3 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். அவருக்கு ஒரு நூற்றாண்டு பிந்திய லக்தான்சியுஸ், மயங்கியவன் அறிவு தெளிந்து எழுதலைக் குறிக்கும் 'ரெசிப்பிசென்சியா' என்னும் சொல்லை முன்வைத்து, அதுவும் கிரேக்கச் சொல்லின் நயத்துக்கு ஈடாகாது என ஒப்புக்கொண்டார். அவர் கூற்றைச் செவிமடுத்தார் இலர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்தே அச்சொல்லுக்கு வாழ்வு வந்தது.

அதற்குள் பெனித்தென்சியா என்பது ஒரு சொல்லாக இல்லாது ஒரு நிறுவனமாக வளர்ந்தது. ஞானஸ்நானத்தின் பின் பெரும்பாவஞ் செய்தவர், கோணிப்பட்டை உடுத்துச் சாம்பலிற் கிடந்து உபவாசமிருந்து, சபையாரின் முன் தம் நிலையைக் காட்டி மீண்டும் சேர்க்கப்படுவதைத் தெர்த்துல்லியனே வருணித்துள்ளார். வாழ்நாளில் ஒருமுறையே கிடைக்கக்கூடிய வாய்ப்பு அது. பின்னர் ஐரிஷ் துறவிகள் ஐரோப்பாவெங்கும் பரப்பிய முறை வேறு. குருவிடம் தனித்துச் சொல்லுதல், அவர் விதிக்கும் தண்டத்தை நிறைவேற்றுதல், வேண்டியபோதெல்லாம் மீண்டும் செய்தல் என்பன அதன் இயல்புகள். இன்ன பாவத்துக்கு இத்தனை நாள் அப்பமும் நீரும் என அளவு கூறும் கைந்நூல்கள் எழுந்தன. 1215 இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், பகுத்தறியும் வயதடைந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனஞ் செய்தல் வேண்டும் என விதித்தது. மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் என்னும் மூன்றும் இச்சாதனத்தின் உறுப்புக்கள் எனச் சாத்திரிகள் வகுத்தனர். மனஸ்தாபமின்றிப் பரிகாரம் பயனற்றது என்பதை அவர்கள் மறுத்தாரல்லர். நியாயம் பேசுவோர் இதனை முதலிற் கூறல் வேண்டும். ஆனால் பாமரன் கண்ணுக்கு எண்ணக்கூடியதும் அளக்கக்கூடியதுமாக நின்றது மூன்றாவது உறுப்பே. மன்னிப்புப் பெற்ற பாவத்துக்காக எஞ்சியிருக்கும் தண்டத்தைக் குறைப்பதாகிய 'பலன்'களைத் திருச்சபை வழங்கியபோது அவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது. பெனித்தென்சியா என்பது தண்டித்தலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது என இசிதோர் முனிவர் 7 ஆம் நூற்றாண்டில் எழுதிய சொல்லாராய்ச்சியும் இதற்குத் துணைநின்றது. மொழிநூலார் இன்று அப்பிறப்பை ஏற்பதில்லை.

இத்துணைப் பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு கல் சரியாக அமையவில்லை எனக் கூறியவர் லொரென்சோ வல்லா என்னும் இத்தாலிய இலக்கண அறிஞர். கொன்ஸ்தந்தீன் பேரரசர் உரோமை ஆயருக்கு மேலை நாடுகளைத் தானஞ் செய்ததாகக் காட்டும் சாசனம் பொய்யானது என 1440 இல் மொழியாராய்ச்சி கொண்டு நாட்டியவரும் அவரே. புதிய ஏற்பாட்டின் இலத்தீன் பெயர்ப்பைக் கிரேக்கப் பிரதிகளோடு ஒப்பிட்டு அவர் குறிப்புக்கள் எழுதினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல், தெய்வத்துக்கேற்ற துக்கம் மெற்றனோயாவை உண்டாக்கும் என்கின்றார். துக்கம் காரணம், மெற்றனோயா காரியம். எனவே இரண்டும் ஒன்றாதல் எங்ஙனம் என்பதே அவ்விடத்து எழும் வினா. இலத்தீன் சொல் அவ்வேறுபாட்டை விளக்கவில்லை என வல்லா கண்டார். அவர் 1457 இல் இறந்தார். குறிப்புக்கள் ஏட்டளவில் உறங்கின.

1504 இல் லுவேன் நகருக்கு அருகிலுள்ள பார்க் மடத்தின் நூல்நிலையத்தில் எராஸ்மஸ் என்னும் ஒல்லாந்து அறிஞர் அவ்வேட்டைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டே பாரிஸில் அச்சேற்றினார். பின்னர், கிரேக்க மூலத்தையும் தமது இலத்தீன் பெயர்ப்பையும் பக்கம் பக்கமாக வைத்து, விரிவான குறிப்புக்களுடன் 1516 இல் பாசல் நகரில் புரொபென் என்பாரின் அச்சுக்கூடத்திலிருந்து புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். கிரேக்கப் புதிய ஏற்பாடு அச்சு நூலாக விற்பனைக்கு வந்தது அதுவே முதன்முறை. மெற்றனோஎய்தே என்பதற்கு எழுதிய குறிப்பில், வருந்துங்கள், உணர்வு தெளியுங்கள் என்னும் பொருள்களையே அவர் எடுத்துக் காட்டினார்; விதிக்கப்பட்ட பரிகாரத்தைச் செய்தல் என்னும் கருத்து அக்கிரேக்கச் சொல்லில் இல்லை என்றார். லக்தான்சியுஸின் பழஞ்சொல் மீண்டும் தலைகாட்டிற்று. எராஸ்மஸ் திருச்சபையைப் பிளக்க எண்ணியவரல்லர். அந்நூலை அவர் போப்பாண்டவர் பத்தாம் லெயோவுக்கே காணிக்கையாக்கினார்.

அதே லெயோவின் பெயரால் உரோமையில் புனித பேதுருவின் பேராலயத்தைக் கட்டுதற்கெனப் பலன்கள் யேர்மனியில் விலைப்பட்டன. மைன்ஸ் நகரத்துப் பேராயர் அல்பிரெக்ற் தம் பதவிக்காகப் புக்கர் என்னும் வணிகக் குடும்பத்தாரிடம் பட்ட கடனுக்கும் அப்பணத்தில் ஒரு பாதி சென்றது. டெற்செல் என்னும் துறவி அவற்றைப் பிரசங்கித்து வந்தார். சாக்சனி நாட்டு அரசர் தம் எல்லைக்குள் அவ்விற்பனையைத் தடுத்திருந்தமையால், விற்றன்பேர்க் மக்கள் எல்லை கடந்து யூற்றர்போக் என்னும் ஊருக்குச் சென்று வாங்கி வந்தனர். அவர்களுட் பலர் மார்ட்டின் லூதரிடம் பாவசங்கீர்த்தனஞ் செய்பவர்கள்.

1517 ஒக்தோபர் 31 ஆம் நாள் லூதர் பேராயருக்கு அனுப்பிய தொண்ணூற்றைந்து வாசகங்களுள் முதலாவது, இந்த ஒரு சொல்லைப் பற்றியது. கர்த்தர் இக்கட்டளையை இட்டபோது விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதையே கருதினார் என்றும், குருவின் முன் செய்யும் அறிக்கையையும் பரிகாரத்தையும் அச்சொல் குறிக்கமாட்டாது என்றும் முதலிரு வாசகங்கள் கூறின. பலரும் மறந்துவிடும் மூன்றாவது வாசகமும் ஒன்றுண்டு. புறத்தே உடலை ஒடுக்கும் செயல்களைப் பிறப்பியாத அகமாற்றம் வெறுமை என்பது அது.

இலக்கண நூல் ஒன்று ஒரு துறவியின் உள்ளத்தில் எவ்வாறு வேலை செய்தது என்பதை, தம் மடத்து மேலதிகாரி ஸ்டௌப்பிற்ஸுக்கு 1518 மே மாதம் லூதர் எழுதிய கடிதம் காட்டும். வேதத்தில் பெனித்தென்சியா என்பதைப்போலத் தமக்குக் கசந்த சொல் வேறில்லை என அவர் அதில் எழுதுகின்றார். உண்மையான மனவருத்தம் கடவுள்மீது கொள்ளும் அன்பிலேயே தொடங்குகின்றது, அன்பில் முடிவதன்று என ஸ்டௌப்பிற்ஸ் கூறிய வார்த்தை அவர் நெஞ்சில் அம்புபோலத் தைத்து நின்றது. பின்னர் கிரேக்கமும் எபிரேயமும் வல்ல அறிஞரிடமிருந்து மெற்றனோயாவின் பொருளை அறிந்தார். கசந்த சொல் இனித்தது. அந்நிலையில் பலன் விற்போரின் எக்காளம் காதில் விழுந்ததும் பொறுக்க இயலாது போயிற்று. ஆண்டாண்டாகத் தன் பாவங்களை எண்ணி எண்ணி, எது விடுபட்டதோ என நடுங்கிய ஒருவன், தன்னிடம் கேட்கப்பட்டது கணக்கன்று எனக் கண்டபோது அடைந்த விடுதலையை அக்கடிதத்தில் காணலாம்.

இங்கிலாந்தில் இச்சொல் உயிர்ப்பலி கேட்டது. வில்லியம் டின்டேல் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலமாக்கிய புதிய ஏற்பாடு 1526 இல் யேர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சாகி, களவாக இங்கிலாந்துக்குள் கொண்டுவரப்பட்டது. இலண்டன் ஆயர் டன்ஸ்டல் பிரதிகளைத் திரட்டி எரித்தார். பழைய பெயர்ப்பில் 'தண்டப் பரிகாரஞ் செய்யுங்கள்' என்று நின்ற இடத்தில் டின்டேல் 'மனம் வருந்தித் திரும்புங்கள்' எனப் பொருள்படும் சொல்லை வைத்தார். சபை, குரு, அன்பு என்பவற்றுக்கும் புதுச்சொற்களே இட்டார். சேர் தோமஸ் மோர் 1529 முதலாகப் பல நூறு பக்கங்களில் அவரைத் தாக்கினார்.

மோரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சொல்லின் பொருளை அகராதி மட்டும் தருவதில்லை. தலைமுறை தலைமுறையாக அதனை வழங்கிய மக்களே தருகின்றனர். ஒரு சமுதாயம் முழுவதும் ஒரு சொல்லால் ஒரு சாதனத்தைக் குறித்து வந்திருக்க, தனியொருவன் அதனை அகற்றுவது அச்சாதனத்தையே அகற்றும் சூழ்ச்சி என்பது அவர் கருத்து. டின்டேல் விடுத்த மறுமொழியில் ஒரு கூர்மையான கேள்வி இருந்தது. மோரின் ஆருயிர் நண்பர் எராஸ்மஸும் இலத்தீனில் இத்தகைய மாற்றங்களைச் செய்தாரே, அவரை ஏன் குறை கூறவில்லை? எராஸ்மஸிடம் தீய நோக்கம் இல்லை, உம்மிடம் உண்டு என மோர் விடை தந்தார். ஒரே மொழிபெயர்ப்பு ஒருவர் கையில் கல்வியும் மற்றொருவர் கையில் குற்றமும் ஆயிற்று. 1534 ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் டின்டேல், எபிரேய ஷூப் என்பதையும் கிரேக்க மெற்றனோயாவையும் அருகருகே வைத்து, உள்ளத்தில் திரும்பி நல்லறிவுக்கு வருதல் எனப் பொருள் விரித்தார். அக்காலத்தார் எழுதியவற்றுள் இச்சொல்லுக்கு மிக அணுகிய விளக்கம் அதுவெனலாம். மறு ஆண்டு அவர் அந்வேர்ப்பில் பிடிபட்டார். 1536 ஒக்தோபரில் வில்வோர்டே என்னுமிடத்தில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். மோர் அதற்கு முன்னரே, 1535 ஜூலையில், தம் மனச்சாட்சிக்கு மாறாகத் தம் அரசனைத் திருச்சபைத் தலைவனாக ஏற்க மறுத்துத் தலையிழந்தார். தாம் எண்ணியதை மாற்றிக்கொள்ள இருவரும் இணங்கவில்லை.

திரெந்து நகரச் சங்கம் 1551 இல் இதனை ஆராய்ந்து, மிகச் சிறந்த பெனித்தென்சியா புதுவாழ்வு மட்டுமே என்போரைக் கண்டித்தது. 'மட்டுமே' என்பதில் தான் வழக்கு. புதுவாழ்வு வேண்டும் என்பதில் இருதிறத்தாரும் வேறுபட்டாரல்லர். ஜெனீவாவில் பேசா தம் இலத்தீன் பெயர்ப்பில் லக்தான்சியுஸின் சொல்லையே நாட்டினார். ரேம்ஸ் நகரில் 1582 இல் வெளிவந்த கத்தோலிக்க ஆங்கிலப் பெயர்ப்போ 'பரிகாரஞ் செய்யுங்கள்' என்பதை மீண்டும் நிறுவியது. அதன்பின் இங்கிலாந்தில் ஒருவன் எச்சபையைச் சேர்ந்தவன் என அறிய, மத்தேயு மூன்றாம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை வாசிக்கச் செய்தலே போதுமாயிற்று.

நான்கு நூற்றாண்டுகள் கழிந்து வழக்கின் சூடு தணிந்தபின் நோக்குமிடத்து, இருபக்கத்தாரும் சொல்லிடமிருந்து அளவுக்கு மீறி எதிர்பார்த்தமை தெரிகின்றது. ஒரு சொல்லைப் பகுதி விகுதியாகப் பிரித்து, அப்பகுதிகளின் கூட்டே அதன் பொருள் என முடிவுகட்டுவது தவறாகலாம் என ஸ்கொத்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பார் 1961 இல் வெளியிட்ட நூலில் வேத ஆராய்ச்சியாளரை எச்சரித்தார். மெற்றா, நூஸ் எனப் பிரித்து, இது வெறும் கருத்துமாற்றம் என்போருக்கு அவ்வெச்சரிக்கை பொருந்தும். சுவிசேஷங்களை எழுதியவர்கள் கிரேக்கத்தில் எழுதினும் எபிரேய வேதத்தில் ஊறியவர்கள். அவர்கள் எழுதிய மெற்றனோயாவில் மனமும் உண்டு, வழிமாறும் காலும் உண்டு, இரண்டாவது அங்கியைக் கொடுக்கும் கையும் உண்டு. பரிகாரப் பட்டியல் மட்டும் அதில் இல்லை. அவ்வகையில் வல்லாவும் எராஸ்மஸும் கண்டது மெய்யே.

தமிழ் வேதாகமத்தில் இச்சொல் பெற்ற வடிவங்கள் ஆராயத்தக்கவை. கத்தோலிக்கத் தமிழர் இத்திருவருட்சாதனத்தை நெடுங்காலம் 'பச்சாத்தாபம்' என்றனர். பின்னர் எழும் வெப்பம் என்பது அவ்வடசொல்லின் பொருள். 'பின்' என்னும் கூறு கிரேக்கத்தைப் போலவே அதிலும் உண்டு. பேச்சுவழக்கு அதனைப் பிறர்மீது கொள்ளும் இரக்கமாகத் தேய்த்துவிட்டது. புரொட்டஸ்தாந்தரின் வேதாகமம் 'மனந்திரும்புங்கள்' என்கின்றது. கிரேக்கருடைய மனத்தையும் எபிரேயருடைய திரும்புதலையும் ஒரே சொல்லில் இணைத்த இத்தொடர் இலத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் வாய்க்காத பேறு. இரு சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995 இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 'மனம் மாறுங்கள்' என உள்ளது. எளிமையில் அது மேலானதாயினும், திரும்பி வருதல் என்னும் வழிநடைப் பொருள் அதில் மறைந்துவிட்டது.

லூதரின் சொந்த மொழியில் நேர்ந்தது இதனினும் விந்தையானது. 1522 இல் வெளிவந்த அவருடைய யேர்மன் புதிய ஏற்பாட்டில் மத்தேயுவின் அவ்வசனம் 'உங்களைச் சீர்ப்படுத்துங்கள்' எனத் தொடங்கிற்று. பிற்பதிப்புக்களில் அவரே அதனை நீக்கி, பழைய பரிகாரச் சொல்லாகிய 'பூசெ' என்பதைச் 'செய்யுங்கள்' என எழுதினார். மக்கள் நாவிற் பழகிய சொல்லை விலக்குவதைவிட அதன் பொருளைப் போதனையால் திருத்துதல் எளிதெனக் கருதினார் போலும். லூதரின் வேதாகமத்தை ஆராய்ந்து திருத்தி 2017 இல் வெளியிட்ட யேர்மன் பதிப்பிலும் அச்சொல்லே நிற்கின்றது. உரோமைத் திருச்சபை 1979 இல் வெளியிட்ட புதிய இலத்தீன் வேதாகமத்தில், அதே இடத்தில், 'பெனித்தென்சியாம் ஆகித்தே' என்பதும் மாறவில்லை.